உங்களுக்கேற்ற புத்தகம் எது? நூலகங்களின் ‘வாசகர் ஆலோசனை’ – ஓர் எளிய விளக்கம்

‘நல்ல புத்தகமாக ஒன்று சொல்லுங்களேன்’ என்று நூலகரிடம் கேட்பவர்கள் உண்டு. நண்பர்களிடம் கேட்பவர்களும், சமூக ஊடகத்தில் கேட்டு நூறு பெயர்களைப் பெற்றுவிட்டு அவற்றுள் ஒன்றைக்கூடப் படிக்காமல் விட்டுவிடுபவர்களும் உண்டு. பதில் சொல்பவர் பெரும்பாலும் தமக்குப் பிடித்ததையோ, விருது பெற்றதையோ, எல்லோரும் படித்தே ஆகவேண்டும் என்று தாம் கருதுவதையோ சொல்கிறார். கேட்டவர் யார், இதற்கு முன் எதைப் படித்து மகிழ்ந்தார், எதைப் பாதியில் மூடினார் என்பதை எவரும் விசாரிப்பதில்லை.

இந்த விசாரிப்பையே தொழிலாகக் கொண்ட ஒரு பணி பொது நூலகத் துறையில் இருக்கிறது. அதற்கு வாசகர் ஆலோசனை என்று பெயர். ஒருவர் தம் ஓய்வு நேரத்தில் விரும்பிப் படிக்கக்கூடிய நூல்களை, அவருடைய சுவையையே அளவுகோலாக வைத்துத் தேடித் தருவதுதான் அது. தேர்வுக்கு வழிகாட்டி நூல் தேடித் தருவதும், ‘மண்புழு உரம் பற்றி ஏதாவது இருக்கிறதா?’ என்ற கேள்விக்கு விடை காட்டுவதும் வேறு பணிகள். அவற்றில் தேவை என்னவென்று கேட்பவருக்கே தெரியும். வாசகர் ஆலோசனையை நாடி வருபவருக்கோ, தமக்கு வேண்டியது இன்னதென்று சொல்லத் தெரிவதில்லை. கையில் கிடைத்தால் மட்டும் இதுதான் என்று தெரிந்துவிடும்.

ஜவுளிக்கடையில் நடப்பது

புடவை எடுக்கப் போகும் ஒருவர் தாம் உடுத்தியிருப்பதைக் காட்டி, ‘இதே மாதிரி வேண்டும்’ என்கிறார். அனுபவமில்லாத விற்பனையாளர் அதே நிறத்தில் பத்துப் புடவைகளை எடுத்து விரித்துப் போடுவார். தொழில் தெரிந்தவர் எதையும் விரிப்பதற்கு முன்பு, அந்தப் புடவையில் பிடித்தது கரையா, முந்தியா, உடலின் நிறமா, அல்லது நாள் முழுக்கக் கட்டியிருந்தாலும் பாரம் தெரியாத அதன் எடையா என்று பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொள்வார். பிடித்தது எடைதான் என்றால், நிறமும் கரையும் முற்றிலும் வேறான ஒரு புடவை அவருக்குச் சரியாக இருக்கும். நிறம் ஒன்றாக இருந்தும் கனமாக இருக்கும் பட்டு பெட்டியில்தான் கிடக்கும்.

புத்தகத்திலும் ‘இதே மாதிரி’ என்ற சொற்களுக்குப் பின்னால் இத்தனை விடைகள் மறைந்திருக்கின்றன. நாம் நிறத்தைப் பார்த்து எடுத்துக்கொடுப்பது போலத்தான், சரித்திர நாவல் படித்தவருக்கு இன்னொரு சரித்திர நாவலையும், துப்பறியும் கதை படித்தவருக்கு இன்னொரு துப்பறியும் கதையையும் நீட்டிக்கொண்டிருக்கிறோம்.

அலமாரி ஏன் உதவாது

நூலகத்தில் புத்தகங்கள் ஓர் ஒழுங்கில்தானே அடுக்கப்பட்டிருக்கின்றன, பிடித்த நூலுக்குப் பக்கத்தில் இருப்பதை எடுத்தால் போதாதா என்று தோன்றலாம். பாடநூல்களுக்கும் துறைசார் நூல்களுக்கும் இது ஓரளவு பொருந்தும்; தென்னை வளர்ப்புக்குப் பக்கத்தில் தென்னை நோய்கள் இருக்கும். புனைகதைக்கு அறவே பொருந்தாது.

சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையை எடுத்துக்கொள்வோம். பகுப்பு முறை என்பது ஒவ்வொரு நூலுக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுத்து, அலமாரியில் அதன் இடத்தை நிலைப்படுத்தும் ஏற்பாடு. கோலன் முறையில் ஒரு தமிழ் நாவலின் எண், இலக்கியம், தமிழ், புனைகதை என்ற வரிசையில் வளர்ந்து, பிறகு ஆசிரியர் பிறந்த ஆண்டைக் காட்டும். ஆக, 1899இல் பிறந்த கல்கிக்கும் 1910இல் பிறந்த சாண்டில்யனுக்கும் நடுவில், 1906இல் பிறந்த புதுமைப்பித்தனும் 1907இல் பிறந்த மௌனியும் வந்து நிற்பார்கள். கல்கியை முடித்த கையோடு பக்கத்தில் இருக்கிறாரே என்று, மனவோட்டத்தையே செறிவாக எழுதிய மௌனியை எடுத்துப் போகும் வாசகரின் நிலையை நினைத்துப் பாருங்கள். பழி மௌனியையும் சேராது, ரங்கநாதனையும் சேராது. அந்த எண் ஒரு நூலைத் தேடியவுடன் கண்டெடுப்பதற்காக ஏற்பட்டது. அதைப் படித்தால் எப்படி இருக்கும் என்று சொல்வதற்காக ஏற்பட்டதன்று.

இதுவரை சொன்னதன் சாரம்: ஒரு நூல் எதைப் பற்றியது என்பதைப் பட்டியலும் அலமாரியும் சொல்லும். அதைப் படிக்கும் அனுபவம் எத்தகையது என்பதை அவை சொல்வதில்லை. வாசகரின் சுவை பெரும்பாலும் இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

ஈர்ப்புக் கூறுகள்

படிக்கும் அனுபவத்தைப் பேசுவதற்குத் தெளிவான சொற்கள் வேண்டும். அமெரிக்காவில் சிகாகோவை அடுத்த டவுனர்ஸ் குரோவ் என்ற ஊரின் பொது நூலகத்தில் பணியாற்றிய ஜாய்ஸ் சாரிக்ஸ், தம் சக நூலகரான நான்சி பிரவுனுடன் சேர்ந்து 1989இல் எழுதிய கையேடு அந்தச் சொற்களை ஏற்படுத்திக் கொடுத்தது. ஒரு நூலில் வாசகரைப் பிடித்திழுக்கும் தன்மைகளை அவர்கள் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். இவற்றை ஈர்ப்புக் கூறுகள் என்று அழைப்போம்.

முதலாவது, வேகம்: பக்கங்கள் பறக்கின்றனவா, அல்லது நிதானமாக விரிகின்றனவா என்பது. அடுத்தது பாத்திரங்கள்: ஒருவரின் மனத்துக்குள் ஆழ்ந்து போகிறதா, பலரைத் தொட்டுச் செல்கிறதா, நாம் நேசிக்கத்தக்க ஒருவர் அதில் இருக்கிறாரா என்பது. கதைப்போக்கு என்பது நிகழ்ச்சிகளின் அமைப்பு. சூழ்ச்சியும் திருப்பமும் நிறைந்ததா, ஒரு குடும்பத்தின் அன்றாடமா என்று பார்ப்பது. களம் என்பது ஊர், காலம், தொழில் ஆகியவற்றின் விவரச் செறிவு. பிற்பாடு சாரிக்ஸ் அழுத்தம் கொடுத்துச் சேர்த்தவை தொனியும் மொழிநடையும் ஆகும். இருண்மை, நையாண்டி, நெகிழ்ச்சி போன்றவை தொனியில் அடங்கும். வட்டார வழக்கு, செறிந்த உரைநடை, எளிய நேர்ப்பேச்சு போன்றவை மொழிநடையில் அடங்கும்.

பட்டியலாகப் படித்தால் இது பள்ளிக்கூடத்து இலக்கியத் திறனாய்வு போலத் தோன்றும். பயன்படுத்திப் பார்த்தால்தான் இதன் வலிமை புரியும். தமிழ் நூலகங்களில் அடிக்கடி காதில் விழும் ‘பொன்னியின் செல்வன் மாதிரி ஒன்று கொடுங்கள்’ என்ற வேண்டுகோளையே எடுத்துக்கொள்வோம்.

1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்த கதை அது. அடுத்த இதழ் வரும்வரை வாசகரைக் காக்க வைக்கவேண்டும் என்பதால், அத்தியாயங்கள் சிறியவை. பல அத்தியாயங்கள் ஒரு கேள்வியிலோ ஆபத்திலோ போய் முடியும். அந்த விறுவிறுப்பில் மயங்கியவருக்குச் சாண்டில்யனின் கடல் புறா உடனே ஒத்துப்போகும். இன்னொருவருக்குச் சோழர் காலம்தான் முக்கியம். கோயில் எப்படி எழுந்தது, படை எப்படிப் புறப்பட்டது என்ற விவரங்களில் திளைப்பவர் அவர். தஞ்சைப் பெரிய கோயில் உருவாவதைச் சுற்றிச் செல்லும் பாலகுமாரனின் உடையாரை, அது எத்தனை தொகுதிகளாக இருந்தாலும், அவர் சலிக்காமல் படிப்பார். மூன்றாமவருக்கு மன்னர்களைவிடப் பழைய காலத்து மனிதர்களின் வாழ்வே ஈர்ப்பு. பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியைக் காட்டும் பிரபஞ்சனின் மானுடம் வெல்லும் அவருக்கு உரியது. அதே நூலை முதலாமவரிடம் கொடுத்தால், எப்போது வாள் உருவுவார்கள் என்று காத்திருந்து ஏமாறுவார்.

நான்காமவர்தான் சுவையானவர். கதையின் சூழ்ச்சி அவருக்குப் பாதி மறந்துவிட்டது. சோழர்களைப் பற்றியும் பெரிய அக்கறை இல்லை. ஆனால் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வந்த வந்தியத்தேவனின் துடுக்கையும், வாயைக் கொடுத்து வம்பில் மாட்டிக்கொண்டு பிறகு அதே வாயால் தப்பித்துக்கொள்ளும் சாமர்த்தியத்தையும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். இவருக்கு இன்னொரு சரித்திர நாவலைக் கொடுப்பதைவிட, சுஜாதாவின் கணேஷ்–வசந்த் கதைகளில் ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாம். வழக்கறிஞர்கள், நகரம், கொலை என்று எல்லாமே வேறு. வசந்தின் குறும்புப் பேச்சு மட்டும் அவருக்குப் பழகிய ருசியில் இருக்கும். இப்படி ஒரு நூலுடன் ஈர்ப்புக் கூறு ஒன்றிலாவது அழுத்தமாக ஒத்துப்போகும் இன்னொரு நூலை ஒத்த நூல் என்பார்கள். பொருளோ வகையோ ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை.

பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொள்வது

வாசகர் யாரும் ‘எனக்குத் தொனியும் மொழிநடையும் முக்கியம்’ என்று சொல்லிக்கொண்டு வரப்போவதில்லை. அவர் இயல்பாகப் பேசுவதிலிருந்து நூலகர்தான் இதைப் பொறுக்கி எடுக்கவேண்டும். இந்தப் பேச்சை ஆலோசனை உரையாடல் என்பார்கள். ‘என்ன மாதிரிப் புத்தகம் வேண்டும்?’ என்று கேட்டால், ‘ஏதாவது நாவல்’ என்ற பதில்தான் வரும். ஆகவே, பிடித்த ஒன்றைப் பற்றிப் பேசச் சொல்வதே இத்துறையில் நிலைபெற்ற தொடக்கக் கேள்வி. ஒரு கிளை நூலகத்தில், பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருக்கும் நூலகரான பெண்ணுக்கும் இப்படிப் பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

“கடைசியா படிச்சதுல மனசுல நின்ன புத்தகம் ஒண்ணைப் பத்திச் சொல்லுங்களேன் சார்.”

“போன மாசம் ஒரு கரிசல் காட்டு நாவல் எடுத்துட்டுப் போனேம்மா. கதைன்னு பெருசா ஒண்ணும் கிடையாது. ஆனா அந்தப் பேச்சு இருக்கே, எங்க தாத்தா திண்ணையில உட்கார்ந்து பழைய கதை சொல்ற மாதிரியே இருந்துச்சு. அவசரமே இல்ல.”

“எடுத்துட்டுப் போயிப் பிடிக்காமப் போனது ஏதாவது இருக்கா சார்?”

“ஒரு துப்பறியும் நாவல். முப்பது பக்கத்துக்குள்ள மூணு கொலை. மூடி வெச்சுட்டேன்.”

“இப்ப நிறைய படிக்க நேரம் கிடைக்குதா?”

“எங்கம்மா! பேத்திக்குக் கல்யாணம். வீடு நிறைய ஆளுங்க. ராத்திரி பத்துப் பக்கம் படிச்சா அதிகம்.”

கவனிக்காத காதுக்கு இதில் கேட்பது ‘கரிசல்’ என்ற ஒரே சொல்; உடனே இன்னொரு கரிசல் நாவலைத் தேடப் போய்விடுவோம். பெரியவர் உண்மையில் சொன்னது வேறு. அவருக்குப் பிடித்தது பேசுவது போன்ற மொழிநடை, நிதான வேகம், பழைய நாள்களைத் திரும்பிப் பார்க்கும் தொனி. கதைப்போக்கு அவருக்குப் பொருட்டே இல்லை. விட்டுவிட்டுப் படிக்கத் தோதாகவும் இருக்கவேண்டும். இவ்வளவையும் சேர்த்துப் பார்க்கும் நூலகர், கரிசல் எழுத்தோடு நில்லாமல், உ. வே. சாமிநாதையரின் என் சரித்திரத்தையும் சேர்த்து மேசைமேல் வைப்பார். அது நாவலே அன்று, தன்வரலாறு. சிறு சிறு அத்தியாயங்களாக, ஊரையும் உறவையும் ஆசிரியர்களையும் பற்றி ஆற அமரச் சொல்லிக்கொண்டு போவது. ஆனந்த விகடனில் தொடராக வந்ததால், பத்துப் பத்துப் பக்கமாகப் படிப்பவருக்கு இன்னும் வசதி.

மூன்றாவது கேள்வியை யாரும் அற்பமாக நினைக்கவேண்டாம். தீவிர வாசகர்கள் பலரை நேர்கண்டு ஆராய்ந்த கனடா நாட்டுப் பேராசிரியர் கேத்தரின் ஷெல்ட்ரிக் ராஸ், புத்தகத் தேர்வில் அப்போதைய மனநிலைக்குப் பெரிய பங்கு உண்டு என்று கண்டார். ஒரே வாசகர் நிம்மதியான நாளில் புதியதும் கடினமானதுமான நூலைத் துணிந்து எடுப்பார். வீட்டில் நெருக்கடி என்றால் ஏற்கெனவே பழகிய ஆசிரியரிடமே திரும்புவார். ஆகவே ஒருவருடைய சுவையை ஒருமுறை குறித்து வைத்துக்கொண்டு எப்போதும் அதையே நீட்டுவதும் பிசகுதான்.

சுருக்கமாக: பிடித்ததைப் பற்றிப் பேச விடுவது, பிடிக்காததையும் கேட்பது, இப்போதைய நிலையை அறிவது. பிறகு இரண்டு மூன்று நூல்களை, ஏன் எடுத்தோம் என்று ஒரு வரி சொல்லி முன்னால் வைத்துவிட்டு விலகிக்கொள்வது. ஒரே ஒரு நூலைக் கையில் திணித்தால், அதைப் பிடிக்கவில்லை என்று சொல்ல வாசகர் கூச்சப்படுவார்.

படிக்காத நூலை எப்படிச் சொல்வது?

நூலகத்தில் உள்ள எல்லாவற்றையும் யாராலும் படிக்க முடியாது. நல்ல வாசகராக இருப்பவர்தான் நல்ல ஆலோசகர் ஆவார் என்ற எண்ணத்தில் பாதி உண்மை மட்டுமே உண்டு. தாம் படித்தவற்றில் ஊறிப்போன நூலகர், தம் சுவையை அறியாமலே பிறர்மேல் ஏற்றிவிடக்கூடும். இதனால்தான், ஒரு நூலைப் பத்து நிமிடங்களில் எடைபோடும் பயிற்சியை இத்துறையினர் மேற்கொள்கிறார்கள்.

நூலைப் பிரித்தவுடன் படிக்கத் தொடங்காமல், முதலில் பக்கத்தைப் பார்க்கவேண்டும். உரையாடல்கள் நிறைந்து, வெற்றிடம் அதிகமாக இருக்கும் பக்கம் வேகமாக ஓடும். பத்தி பிரியாமல் முழுப்பக்கமும் கறுத்திருந்தால், பெரும்பாலும் வருணனையோ மனவோட்டமோ நிறைந்த நிதான எழுத்து. அடுத்து முதல் இரண்டு பக்கங்கள்: ஒரு நிகழ்ச்சியில் தொடங்குகிறதா, ஓர் ஊரில் தொடங்குகிறதா, ஒரு மனிதரில் தொடங்குகிறதா? பிறகு நடுவில் எங்காவது ஒரு பக்கம், ஓர் அத்தியாயத்தின் கடைசி வரி, இறுதிப் பக்கங்கள். ‘கதை தெரிந்துவிடுமே’ என்று இங்கே தயங்கக்கூடாது. வாசகருக்குத்தான் கதை தெரியக்கூடாது.

நம் நூலகங்களில் இதற்கு ஒரு தனித் தடை உண்டு. அடிக்கடி இரவல் போய்வந்த நூல்களைக் கெட்டி அட்டை போட்டுத் தைக்கும்போது, மூல அட்டையும் அதன் பின்பக்கத்து அறிமுகக் குறிப்பும் காணாமல் போய்விடுகின்றன. மிஞ்சுவது முதுகில் எழுதிய தலைப்பும் எண்ணும்தான். ‘நிதானம், திண்ணைப் பேச்சு, சிறு அத்தியாயங்கள்’ என்று நூலுக்கு ஒரு வரியாக ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கும் நூலகர், அந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்துவிடுகிறார்.

இதைக் கணினி செய்துவிடாதா?

இணையக் கடைகள் காட்டும் பரிந்துரைகளுக்குப் பின்னால் உள்ள முதன்மையான உத்திக்குக் கூட்டு வடிகட்டல் என்று பெயர். ஒரு பொருளை வாங்கியவர்கள் வேறு எவற்றையெல்லாம் வாங்கினார்கள் என்று பெருந்திரளான பதிவுகளில் பார்த்து, அடிக்கடி சேர்ந்து வருபவற்றை நம் முன் வைப்பதே அது. அமேசான் பொறியாளர்கள் 2003இல் தங்கள் முறையை வெளிப்படையாகவே விளக்கி எழுதினார்கள். திரளானவர்கள் வாங்கும் நூல்களுக்கு இது வியக்கத்தக்க அளவு பலிக்கிறது.

ஆனால் இந்த முறை பார்ப்பது செயலை மட்டுமே, காரணத்தை அன்று. மேலே சொன்ன நான்கு கல்கி வாசகர்களும் அதற்கு ஒருவரே. பேத்தியின் பாடநூலையும் தாத்தாவின் தன்வரலாற்றையும் ஒரே கணக்கில் வாங்கினால், குழம்பிப் போய் இருவருக்கும் பொருந்தாததைக் காட்டும். இதுவரை சிலரே தொட்ட நூலைப் பற்றி அதற்குச் சொல்ல எதுவும் இருக்காது. சிறு பதிப்பகங்கள் சில நூறு பிரதிகள் அச்சிடும் தமிழ்ச் சூழலில் இது பெரிய குறை. நூலகங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: யார் எதைப் படித்தார் என்பதைப் பிறருக்கு வெளிப்படுத்தக்கூடாது என்பது நூலகத் தொழிலின் பழைய அறம். கடைகள் செய்வது போல அந்தப் பதிவுகளைக் குடைந்து பார்க்க நூலகங்கள் தயங்குவது நியாயமே.

ரசனையை உயர்த்துவதா நோக்கம்?

இந்தப் பணியைப் பற்றிய மிகப் பிடிவாதமான குழப்பம் இதுதான். 1920களில் சிகாகோ, டெட்ராய்ட், மில்வாக்கி போன்ற அமெரிக்க நகரங்களின் நூலகங்கள் வாசகர் ஆலோசகர்களை நியமித்தபோது, நோக்கம் முதியோர் கல்வியாகவே இருந்தது. வாசகரைத் தனியே உட்கார வைத்துப் பேசி, அவருக்கென்று ஒரு படிப்புத் திட்டம் வகுத்துக் கொடுப்பார்கள். இலேசான நூலிலிருந்து கனமான நூலுக்கு ஏறவேண்டும். 1940களில் இந்த ஏற்பாடு தேய்ந்து மறைந்தது. 1980களில் மீண்டு வந்த வாசகர் ஆலோசனை, மகிழ்ச்சிக்காகப் படிப்பதே போதிய காரணம் என்று ஏற்றுக்கொண்டது.

ரங்கநாதன் 1931இல் சென்னையிலிருந்து வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்கிறது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்கிறது. எந்த வாசகருக்கு எது உயர்ந்தது என்ற பேச்சே அவ்விதிகளின் வாசகத்தில் இல்லை. மாத நாவல் கேட்டு வருபவரிடம் முகம் சுளிக்கும் நூலகர், அடுத்த முறை அவர் வராமலிருப்பதற்கு மட்டுமே வழி செய்கிறார். கற்பித்தலை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதைக் கேட்டு வராத ஒருவர்மேல் சுமத்துவது நூலகரின் வேலை இல்லை என்றே கருதுகிறேன்.

கொடுத்த பிறகு

சியாட்டில் நகர நூலகராக இருந்த நான்சி பெர்ல் ஒரு கணக்குச் சொன்னார். ஐம்பது வயதுவரை, எந்த நூலுக்கும் ஐம்பது பக்கம் வாய்ப்புக் கொடுங்கள். அதற்குமேல், நூறிலிருந்து வயதைக் கழித்தால் வருவது எத்தனையோ அத்தனை பக்கம் போதும். எழுபது வயதுப் பெரியவர் முப்பதாம் பக்கத்தில் துப்பறியும் நாவலை மூடி வைத்தது இந்தக் கணக்குப்படி மிகச் சரி. வாசகர் திரும்பி வந்து ‘ஓடவில்லை’ என்றால், எந்த இடத்தில் நின்றது என்று கேட்டால் போதும். ‘நல்லாத்தான் எழுதியிருக்கார், ஆனா ஒரே சோகம்’ என்ற பதில், வேகமும் நடையும் பொருந்தி, தொனி மட்டும் பிசகிவிட்டது என்று காட்டிக்கொடுக்கிறது.

எனினும் பெரும்பாலான வாசகர்கள் கேட்கவே மாட்டார்கள். இரவல் பகுதியில் அப்போதுதான் திரும்பி வந்த நூல்களின் குவியலைப் புரட்டுவார்கள். யாரோ ஒருவர் எடுத்துப் போனதே அவர்களுக்கு ஒரு பரிந்துரை. அவர்களுக்காக வாசலருகே ஒரு மேசை போட்டு, ‘வரலாறு’, ‘சமூகம்’ என்று தலைப்பிடாமல், ‘ஒரே மூச்சில் முடிப்பவை’, ‘சிரிக்க வைப்பவை’, ‘மெதுவாக ருசிப்பவை’ என்று பிரித்து வைக்கலாம். ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து நூல்கள் போதும். எடுக்க எடுக்க நிரப்பவேண்டும். ஒரு வாரம் ஆகியும் குறையாமல் அப்படியே இருக்கும் அடுக்கைக் கலைத்துவிட்டு, வேறு தலைப்பில் வேறு நூல்களை வைத்துப் பார்க்கவேண்டும்.